மஞ்சள் சட்டையில் பதினொரு படங்கள்

கட்டாரிலிருந்து நீ அனுப்பிய செய்தி வந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது, மகன். "நீங்கள் எல்லாம் ஒரு அம்மாவா" என்று ஒரே ஒரு வரி. பன்னிரண்டு நாளும் அதற்குப் பதில் யோசித்தேன். எனக்குக் கதைக்க வராது என்பது உனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ரீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே எழும்பி நின்று அழுதுவிடுவேன். பதினாறு வயதில் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஆட்கள் வந்து போகிற முன் மேசை வேண்டாம், பின் அறையைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன். மனிதரின் முகத்தை நேரே பார்க்கக் கூசுகிறவளுக்கு அவர்களின் படத்தைப் பார்ப்பது சுகமாக இருந்தது. முப்பது வருசமாக அதே அறையில் அதே வேலை. முதலில் நெகட்டிவில் பென்சிலால் செய்தேன், இப்போது கணினியில் செய்கிறேன். பருவை அழிப்பது, தழும்பை அழிப்பது, கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்பை அழிப்பது. அப்படிப்பட்டவள் இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லாரும் வாசிக்கக் கொடுக்கிறாளே என்று உனக்குக் கோபம் வரும். நம் வீட்டில் நடந்ததை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்ததால்தான் இவ்வளவும் வந்தது. நீ கட்ட இருந்த ஷாமினியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. மாற்றுப் பெயரை அவளே தெரிந்தெடுத்தாள்.

கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் சொல்லுங்கள் என்று. உங்கள் முதல் ஓலை வாசித்த அன்று பூசை முடிந்து வந்து, குசினி வாசலில் சாய்ந்துகொண்டு கேட்டாய். "அம்மா, ஷாமினியின்ர படம் மட்டும் வைச்சு ஒரு புத்தகம் அடிச்சுத் தாங்கோ. மண்டபத்து வாசலில வைக்க வேணும்." ரெண்டு பேரும் நிற்கிற அல்பம் இருக்கிறதே என்றேன். "அது எல்லாரும் செய்யிறது. இது அவள் மட்டும். என்ர மூஞ்சியைப் பார்க்க ஆர் வரப்போகினம்?" என்றாய். "அப்பாவின்ர மூஞ்சியெல்லோ, அதுதான்" என்று நான் பகிடிக்குச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவும் தொட்டிக்குள் போட்ட வேகத்தில் அதன் பிடி உடைந்தது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. எத்தனையோ பிடி உடைந்த கோப்பைகளைக் கண்ட வீடு அது.

படங்களை எடுத்தவர் ரஹீம் நானா. மூதூர்க்காரர், ஸ்டூடியோ அவருடையது. நீ குழந்தையாக இருந்ததிலிருந்து உன்னைப் படம் எடுத்தவர். ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க ஷாமினியை டச்சுக்குடாக் கடற்கரையிலும் இறங்குதுறையிலும் வைத்து எடுத்திருந்தார். நீயும் கூடப் போயிருந்தாய். நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் நாற்பதைத் தெரிந்தெடுத்தேன். இப்படிப் புத்தகம் செய்கிறவர்களுக்கு முதலில் ஒரு தீம் வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் படக்கட்டு. சிலர் பூ என்பார்கள், சிலர் பழைய காலத்துச் சாயல் என்பார்கள். நான் யோசித்தது 'ஒரு நாள்'. காலை வெளிச்சத்தில் அவள் கடற்கரைக்கு வருகிறாள், பொழுது சாயத் திரும்பிப் போகிறாள். தாளின் நிறமும் வெள்ளையில் தொடங்கி மெல்ல மெல்ல நீலமாகிக்கொண்டு போகும். ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எடுத்த நேரம் பதிந்திருக்கும். அந்த நேரப்படி அடுக்கினாலே புத்தகம் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். மருமகளுக்கு என் கையால் செய்யும் முதல் பொருள். சந்தோஷமாகத்தான் தொடங்கினேன்.

எங்கள் வேலையில் அழிப்பது முதல், அடுக்குவது பிறகு. அழிக்கும்போது படத்தை இரண்டு மடங்கு மூன்று மடங்கு பெருப்பித்து வைத்திருப்போம். அப்போது ஆள் தெரியாது, தோல் மட்டும்தான் தெரியும். பக்கத்துத் தோலைக் கொஞ்சம் எடுத்துக் கறையின் மேல் ஒட்டுவது, ஓரத்தைக் கரைப்பது, அடுத்ததுக்குப் போவது. மஞ்சள் சட்டை போட்ட படங்களில் வலது மேற்கையில் கொஞ்சம் சிவப்பும் நீலமுமாக இருந்தது. அழித்தேன். அடுத்ததிலும் இருந்தது. அதையும் அழித்தேன். உண்மையைச் சொல்கிறேன், மகன். கலியாணப் பெண்களின் கையிலும் கழுத்திலும் அப்படி நிறங்களை முப்பது வருசத்தில் பலமுறை அழித்திருக்கிறேன். ஒருத்தியிடமும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்பது என் வேலை இல்லை என்று நினைத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து நேரப்படி அடுக்கியபோது ஒரு படத்தை மட்டும் அழிக்காமல் விட்டிருந்தது தெரிந்தது. இப்போது அது பெருப்பித்த தோல் இல்லை. முழு ஆள். இறங்குதுறையில் நின்று சிரிக்கும் ஷாமினி. மேற்கையின் வெளிப்பக்கம் நாலு விரல். உட்பக்கம் பெருவிரலின் நுனி. அந்த வரிசை எனக்குத் தெரியும். என் கைகளில் எத்தனை தரம் பார்த்திருப்பேன். நான் அழித்தவற்றின் மூலப் படங்களைத் திறந்தேன். அந்தப் படத்தோடு சேர்த்துப் பதினொன்று. பதினொன்றும் பகல் ஒன்று நாற்பதுக்குப் பிறகு எடுத்தவை. அதே மஞ்சள் சட்டையில் காலை பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு எடுத்த படத்தில் அந்தக் கை சுத்தமாக இருந்தது. இடையில் இருந்தது ஜும்ஆ நேரம். ரஹீம் நானா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். காருக்குள் நீயும் அவளும் மட்டும்.

நானாவிடம் போய்க் கேட்டேன். "நானா, அண்டைக்கு நீங்கள் தொழுதிட்டு வந்த பிறகு பிள்ளை எப்பிடி இருந்தவள்?"

"சிரிக்கச் சொன்னா சிரிச்சா. கைய மட்டும் முன்னுக்குக் கொண்டு வரமாட்டன் எண்டு நிண்டா. வெக்கமாக்கும் எண்டு நெனச்சன். ஏன் புள்ள?"

"ஒண்டுமில்லை" என்றேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன், பார். வருசக்கணக்காக எல்லாருக்கும் சொன்ன அதே சொல்.

நீ எங்கே பழகினாய் என்று நான் தேடத் தேவையில்லை. உன் முதல் நற்கருணைக்கு முதல் நாள் உனக்கு ஒன்பது வயது. உன் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்ததில் சோறு பிந்திவிட்டது. அப்பா பத்து நாள் கடலில் நின்றுவிட்டு வந்திருந்தார். என் தலைமயிரைப் பிடித்து அலுமாரிக் கண்ணாடியில் முகத்தை அடித்தார். ஒருமுறை இல்லை. கண்ணாடி உடைந்து கொட்டிய பிறகு வெறும் பலகையிலும் அடித்தார். நீ கதிரைக்குப் பின்னால் நின்றாய். உன் கால் நனைந்திருந்ததை நான் கண்டேன். அடுத்த நாள் கோயிலால் வந்து, மூன்று பேரும் ஸ்டூடியோவில் நின்று படம் எடுத்தோம். அந்தப் படத்தை நானே திருத்தினேன். இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது. வலது கண்ணை எடுத்துத் திருப்பி இடது பக்கம் வைத்தேன். நீ பக்கத்தில் முழங்காலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். "நோகுதா அம்மா?" என்று கேட்டாய். "இஞ்ச பார், இப்ப ஒண்டும் இல்லை" என்று திரையைக் காட்டினேன். நீ திரையைத் தொட்டுப் பார்த்தாய். பிறகு என் முகத்தைத் தொட்டாய். "இதில இருக்கே?" என்றாய். "படத்தில இல்லைத்தானே. அது காணும்" என்றேன். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த பாடங்களில் நீ மறக்காமல் வைத்திருந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அடிப்பது அடிக்கிறவனுடைய காரியம், அழிப்பது பெண்ணுடைய காரியம்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. உனக்குப் பதினாலு வயது. அப்பா இடுப்புப் பட்டியைக் கையில் சுற்றிக்கொண்டு என்னை அடித்துக்கொண்டிருந்தார். நீ கதவடைக்கிற தடியை எடுத்து அவர் தோளில் அடித்தாய். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் விழுந்துவிட்டார். விழுந்த பிறகும் அடித்தாய். முதுகில், தொடையில், தலையை மூடிய கைகளில். நிறுத்து என்று நான் சொல்லவில்லை. சுவரோடு நின்று பார்த்தேன். இன்னும் இரண்டு அடி விழட்டும் என்று நினைத்தேன். அடுத்த நாள் நண்டுக் கறி வைத்து, "என்ர சிங்கம்" என்று சொல்லி உனக்கு ஊட்டினேன். உன் கை நடுங்கியது. நண்டுக்காலை உடைக்க உனக்கு ஏலாமல் இருந்தது. அந்த நடுக்கத்தைப் பார்த்து உன்னைக் கட்டிப்பிடித்து அழுதிருந்தால், செய்தது பிழை என்பதும் பயந்து செய்தாய் என்பதும் இரண்டும் உனக்கு விளங்கியிருக்கும். நான் கொண்டாடினேன். அதற்குப் பிறகு சாகும் வரை அப்பா என்மேல் கை வைக்கவில்லை, ஏச்சு மட்டும்தான். வீட்டில் அடி வேலை செய்யும் என்பதை அப்பா அடித்துக் காட்டினார், நான் கறி வைத்துக் காட்டினேன்.

ஷாமினி தான் படிப்பிக்கிற முன்பள்ளி விட்டதும், வீட்டுக்கு சாம்பல்தீவு பஸ்ஸைப் பிடிக்க முதல், புத்தக அட்டையின் துணி நிறம் பார்க்க ஸ்டூடியோவுக்கு வந்தாள். "மாமி, முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுவீங்களோ?" என்றாள்.

"உன்ர நிறத்துக்கு என்ன குறை?"

"அவருக்கு வெள்ளைதான் விருப்பமாம். பவுடரைப் போட்டா, மா பூசின மாதிரிக் கிடக்கு எண்டும் அவர்தான் சொல்லுறார்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு இறங்குதுறைப் படத்தைத் திறந்து வைத்தேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். "அது என்ர பிழை மாமி. முன்பள்ளிப் பொறுப்பாளர் சேர் போன் எடுத்தவர். நான் சிரிச்சுக் கதைச்சுப்போட்டன். நீங்கள் அழிச்சு விடுங்கோ."

"அழிச்சனான். பிறகு திருப்பிக் கொண்டு வந்தனான்."

"ஏன்?"

கொண்டையை அவிழ்த்து, காதுக்கு மேலே கண்ணாடி வெட்டின இடத்தைக் காட்டினேன். உனக்குக்கூட அதைக் காட்டியதில்லை. "இது மாமா செய்தது" என்றேன். அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"கலியாணம் முடிஞ்சாச் சரிவரும் எண்டுதானே உங்களுக்கும் சொன்னவை?"

"சொன்னவை."

"சரிவந்ததோ?"

"அவர் செத்த பிறகு சரிவந்தது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அப்படியே அவள் மேசையில் தலையை வைத்து அழத் தொடங்கினாள். அது முதல் தரம் இல்லை என்றும் சொன்னாள். ஒருமுறை கார்க் கதவுக்குள் விரலை வைத்து நசுக்கியிருக்கிறாய். ஒருமுறை தொண்டையைப் பிடித்திருக்கிறாய், கண் இருட்டும் வரை. இதை எழுத என் கை கூசுகிறது. நீ செய்யக் கூசவில்லை, ஆனபடியால் எழுதுகிறேன்.

அவளுக்கு நான் புத்தி சொல்லவில்லை. புத்தகத்தைச் செய்து கொடுத்தேன். ஒன்றையும் அழிக்காமல், நேரப்படி. பதினொன்று ஐம்பத்திரண்டுக்கும் ஒன்று நாற்பதுக்கும் இடையில் இரண்டு பக்கங்களை வெறுமையாக விட்டேன். வியாழக்கிழமை அதை அவள் கையில் கொடுத்து, "இது உன்ர. மண்டப வாசலில வைச்சாலும் சரி, அடுப்பில வைச்சாலும் சரி. நீ என்ன முடிவெடுத்தாலும் நான் உன்னோட" என்றேன். நீ கேட்பாய், முதலில் என்னிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும் என்று. ஓம், மகன். அதுதான் முறை. நான் கேட்கவில்லை. நான் உனக்குப் பயந்தேன். அப்பாவுக்குப் பயந்த அதே வீட்டில் எனக்கு உன்மேல் பயம் இருந்தது. பெற்ற பிள்ளைக்கு இதைவிடக் கேவலமான ஒன்றைத் தாய் சொல்ல முடியாது. அதையும் தெரிந்துகொண்டே சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை ஷாமினி தன் தகப்பனோடு பங்குத் தந்தையிடம் போய், கலியாணம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். பத்து மணிக்கு நீ ஸ்டூடியோவுக்கு வந்தாய். நீ மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன். ஒரு சொல்லும் சொல்லாமல் கணினித் திரையைத் தூக்கிச் சுவரில் அடித்தாய். விளக்குத் தாங்கியை எடுத்து முன் கண்ணாடியை உடைத்தாய். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்திருந்த பெண்ணொருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ரஹீம் நானா குறுக்கே வந்தார். "தம்பி, உன்னத் தூக்கி வெச்சுப் படமெடுத்தவன்டா நான்" என்றார். அந்த வாயிலேயே குத்தினாய். அவர் விழுந்தார், நீ காலால் உதைத்தாய். நான் உன் சட்டையைப் பிடித்தேன். "என்ர வாழ்க்கையை வெட்டி எறிஞ்சிட்டீங்கள்" என்று கத்தி என்னைத் தள்ளினாய். உடைந்த கண்ணாடி விளிம்பில் என் நெற்றி பிளந்தது. இரத்தம் கண்ணை மூடியது. அப்போது நீ நின்றுவிட்டாய். பின்னணித் துணியை இழுத்துக் கிழித்து என் நெற்றியில் வைத்து அழுத்தினாய். உன் கை பதினாலு வயதில் நடுங்கியதைப் போலவே நடுங்கியது. "அம்மா, அம்மா" என்றாய். பிறகு ஆட்கள் வருகிற சத்தம் கேட்டு ஓடிப்போனாய்.

ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டார்கள். எப்படி நடந்தது என்று தாதி கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கும். வழுக்கி விழுந்திட்டன். அன்று வாயில் வந்தது வேறு. "என்ர மகன் தள்ளினவர்" என்றேன். தாதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த ரஹீம் நானா பொலிசில் முறைப்பாடு எழுதப் போகவில்லை. "ஒரு பல்லுத்தானே புள்ள. மத்ததெல்லாம் எப்பிடியும் ஆடிக்கொண்டுதான் கிடக்கு" என்றார். நான் போய் எழுதிவிட்டு வந்தேன். அதையும் உனக்கு மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நெற்றிக் கட்டோடு பூசைக்குப் போனேன். வேறு இரண்டு சோடிக்கு ஓலை வாசித்தார்கள். உங்கள் பெயர் வரவில்லை. முழுக் கோயிலும் என் பக்கம் திரும்பியது. ஒன்பதாம் வகுப்பில் என்றால் அழுதிருப்பேன். நிமிர்ந்து இருந்தேன். அடுத்த கிழமை நீ எனக்குச் சொல்லாமலே விமானம் ஏறிவிட்டாய்.

"நீங்கள் எல்லாம் ஒரு அம்மாவா." ஓம், மகன். அலுமாரிக்கு முன்னால் நின்ற அன்று உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்க வேண்டிய அம்மா. போகவில்லை. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், கதிரைக்குப் பின்னால் நின்ற உன்னிடம். ஆனால் நீ இப்போது ஒன்பது வயதுப் பிள்ளை இல்லை. இருபத்தேழு வயது. என் பிழையை நான் சுமக்கிறேன். உன் கையை நீதான் சுமக்க வேண்டும். அங்கே உன் அறையில் எட்டுப் பேர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கோபம் வரும்போது உனக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. கோபம் கையில் ஏறுவதற்கு முன் உடம்பில் வேறெங்கோ ஏறியிருக்கும், அந்த இடத்தைக் கண்டுபிடி. அதைப் பற்றிக் கதைக்க ஓர் ஆளைத் தேடு. வைத்தியராக இருக்கட்டும், பங்குத் தந்தையாக இருக்கட்டும். கதைக்க வராது என்று என்னைப் போல இருந்துவிடாதே. கதைக்காத வீட்டில் கைதான் கதைத்தது.

விடுமுறை கிடைத்தால் வீட்டுக்கு வா. சோறு இருக்கும், உன் கட்டில் இருக்கும். பொலிசுக்கு என்னோடு வந்து நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கும். நானாவின் காலடிக்கும் நீ போக வேண்டும், அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொன்று. ஒரு நாள் நீ இன்னொரு பெண்ணை இந்த வீட்டுக்குக் கூட்டி வருவாய். அன்று அவளை உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி ஊற்றுவதற்கு முன், ஷாமினிக்கும் எனக்கும் உன் கை செய்ததை அவளுக்குச் சொல்லுவேன். எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தாலும் சொல்லுவேன். வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன். நீ முதலே அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லி, அவளும் அதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறாள் என்றால், அது எனக்கு விளங்கும். அப்படி என்றால் மட்டும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.